கிணத்துக்காட்டு மண்

ஆண்ட்ரூஸின் வலது கெண்டைக்காலில் வெந்நீரை ஊற்றியபோது அந்தத் தழும்பு தெரிந்தது. முள்கம்பி கிழித்த நீளக் கோடு. அப்பா இறந்த அன்று வாங்கியது; அதிலிருந்து அவன் அந்தக் காலை லேசாக இழுத்தே நடந்தான். இறந்துபோன தம்பியின் உடம்பை வேறு யாரும் குளிப்பாட்ட விடாமல் தானே குளிப்பாட்டிய பாக்கியநாதன், அந்த இடத்தைத் துண்டால் ஒற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை ஒற்றினார்.

"பெரீப்பா, நாலு மணிக்குச் சாமியார் வந்துருவாரு," என்றான் ஆண்ட்ரூஸின் மகன் ஜெரால்ட். "மண்ணுக்கு யாருங்க போறது?"

இத்தனை காலமும் மண்ணுக்குப் போனவன் பெஞ்சின்மேல் ஈரம் சொட்டக் கிடந்தான்.

சீனாச் சண்டைக்குப் பிறகு, சுடும் பயிற்சிக்கென்று ராணுவம் எடுத்துக்கொண்ட நிலங்களில் அவர்களுடைய கிணத்துக்காடும் போயிற்று. அப்பா அதன்பின் வேறு காடு வாங்கவில்லை. "செத்தாவாச்சும் என்ர காட்டு மண்ணு என்மேல உழோணும்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். அவர் இறந்த அன்று வேலிக்குள் நுழைந்து ஒரு பிடி கொண்டுவந்தவன் ஆண்ட்ரூஸ். பிறகு அம்மாவுக்கும் பாக்கியநாதனின் மனைவிக்கும் அவனேதான். குழியில் முதலில் விழுவது கிணத்துக்காட்டு மண். ஊரார் மண் அதற்குப் பிறகுதான். சேந்தமங்கலம் பக்கத்தில் வேறு எந்தக் குடும்பத்துக்கும் இல்லாத வழக்கம் அது. பாக்கியநாதன் அதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டார்.

"நான் போறேன்," என்றார். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ராணுவம் காலிசெய்து போன இடத்தில் இப்போது மண் ஆராய்ச்சி நிலையம். ஆட்டோ நின்றதும் அவருக்கு வெடிச்சத்தம் கேட்டது. சுடுவார் யாருமில்லை என்று தெரியும், ஆனாலும் கேட்டது. அந்நாளில் சத்தம் வரும்போதெல்லாம் அம்மா களி கிண்டும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். வாசலிலிருந்து உள்ளே நடக்கையில் முன்னால் யாரோ வலது காலை லேசாக இழுத்து நடப்பதுபோல் இருந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது.

நிலையத்தின் பொறுப்பிலிருந்த பெண், மைதிலி, அவர் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"உங்க வருத்தம் புரியுதுங்க ஐயா. ஆனா அந்த மேட்டுப் பக்கம் ஒரு கை மண்ணுகூட வெளிய விட முடியாது. சுட்ட ரவையெல்லாம் அதுலதான் கெடக்கு. ஈயம் மண்ணுல எறங்கியிருக்கு. வெடிக்காத குண்டும் இருக்கலாம். தேடி முடிக்கிறவரைக்கும் நானே செகப்புக் கொடியத் தாண்டறதில்ல."

கொடிகளுக்கு இந்தப் பக்கம், ஈயத்தை உறிஞ்சிப் பார்க்க நட்டிருந்த சூரியகாந்திகள். அந்தப் பக்கம், சுடுவதற்காகக் குவித்த நெடிய மண்மேடு. அதற்கு அடியில்தான் அப்பாவின் கிணறு.

"என் தம்பி தாண்டியிருக்கான்," என்றார் பாக்கியநாதன்.

"தாண்டலீங்க."

சொன்னவர் காவலாளி மாரியப்பன். அவருடைய தாத்தாவும் பாக்கியநாதனின் அப்பாவும் வரப்புத் தகராறில் நாமக்கல் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவர்கள். அன்றிலிருந்து இரு வீட்டாருக்கும் பேச்சு இல்லை.

"ஆண்ட்ரூஸண்ணன் ஒருநாளும் மேட்டுக்குப் போவலீங்க. போயிருந்தா வந்திருப்பாரா? அந்த வேம்புக்கடியிலதான் அள்ளுவாரு. ஆடு மேய்க்கறப்ப நானே பாத்திருக்கறன். சிலுவை போட்டுக்குவாரு, அள்ளுவாரு, ஒரே ஓட்டம்."

வேலியை ஒட்டி உட்புறம் நின்றது வேம்பு. அது யாருடைய காடு என்பது பாக்கியநாதனுக்கு மறக்கக்கூடியது அல்ல.

"அது உங்க..."

"எங்க தாத்தன் காடேதானுங்க." மாரியப்பன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஒரு மொழ வரப்புக்கு அந்தச் சண்டை போட்டாங்க. கடைசீல எங்க காட்டு மண்ணுதான் உங்கப்பாரு மேல கெடக்குது."

பாக்கியநாதன் முதுகை வளைக்காமல் நின்றார். அப்பாவின் பெட்டிமேல் விழுந்த மண். அம்மாவின் பெட்டிமேல் விழுந்த மண். அன்று கால் வழிய ரத்தத்தோடு வந்து நின்ற தம்பியிடம், மண்ணை வாங்கிக்கொண்டே, "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று கேட்டது ஞாபகம் வந்தது.

"வேம்புப் பக்கம் சோதிச்சாச்சுங்க ஐயா," என்றாள் மைதிலி மெதுவாக. "சுத்தமான மண்ணு. அங்க அள்ளறதுன்னா தடையில்ல."

பாக்கியநாதன் வேம்பை நோக்கி இரண்டு எட்டு வைத்து நின்றார். பிறகு, "மாரியப்பா," என்றார். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. "அள்ளிக்கட்டுமா?"

"அண்ணன் கேட்டதே இல்லீங்க," என்றார் மாரியப்பன். "நீங்க எதுக்குங்க கேட்டுக்கிட்டு."

வேம்புக்கடியில் கையளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. பாக்கியநாதன் மண்டியிட்டு அதில் கையை விட்டார். கை சரியாகப் பொருந்தியது.

கல்லறையில் பெட்டி இறங்கியதும் கூட்டம் அவரைப் பார்த்தது. கைக்குட்டை முடிச்சை அவர் அவிழ்த்து நீட்ட, ஜெரால்ட் இரு கையாலும் வாங்கினான்.

"கிணத்துக்காட்டு மண்ணுதானுங்களா, பெரீப்பா?"

கூட்டத்தின் ஓரத்தில் மாரியப்பன் வந்து நின்றிருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்ம மண்ணுதான்," என்றார் பாக்கியநாதன். "தாத்தா, அப்பத்தா மேல போட்ட அதே மண்ணு. போடு."

மண்ணோடு ஒரு வேப்பங்கொட்டையும் போய்ப் பெட்டிமேல் டக்கென்று விழுந்தது. பாக்கியநாதனின் தோள்கள் ஒருமுறை தூக்கிப்போட்டன. வேறு யாருக்கும் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டிருக்காது.

எல்லாம் முடிந்து குழாயடியில் ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். மாரியப்பன் ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துவந்து, "ஊத்தறனுங்க, கையக் காட்டுங்க" என்றார்.

பாக்கியநாதன் இடது கையை மட்டும் காட்டினார். மண் அள்ளிய வலது கை முதுகுக்குப் பின்னால் மூடியபடியே இருந்தது.