எதிர்க்கடைக் கோப்பி

மக்கீன் நானாவின் கடை வாசலில் இன்னொரு வண்டியும் வந்து நின்றது. என் கடையின் ஓலைத் தட்டியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதில் வலது கண்ணை வைத்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கண் என் கடையைக் கவனித்துக்கொண்டது என்று சொல்லலாம். அங்கே கவனிக்க அதிகமில்லை. உட்கார ஆளில்லாத வாங்குப் பலகைகள், சில ஈக்கள், அடுப்படியில் என் மனைவி மூக்காயி.

"ஏங்க, ஓலை கண்ணுல குத்திறப் போவுது. அப்பறம் நானா கடையப் பாக்க என் கண்ணத்தான் எரவல் கேப்பீங்க" என்றாள்.

மாத்தளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றிவரும் வண்டிகள் எல்லாம் கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரைக்கு வந்து ஓடத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடக்கிறவனுக்குப் பசிக்கும். அதை நம்பித்தான் துறைக்கு மேலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நானாவும் இந்தப் பக்கம் நானும் கடை போட்டிருந்தோம். வண்டிகள் அந்தப் பக்கமே நின்றன. ஒருநாள் பொறுக்க முடியாமல் வண்டிக்காரன் ராஜலிங்கத்தைக் கேட்டேவிட்டேன். "நான் என்ன அண்ணே செய்யட்டும்? மாடு அங்கதான் நிக்கிது. நின்னா எறங்குறேன்" என்றான். மனிதர்களிடம் தோற்றால் சாக்குச் சொல்லலாம். மாட்டிடம் தோற்றவன் யாரிடம் போய்ச் சொல்வது?

முதலில் இதெல்லாம் எனக்கு நல்லதைத்தான் செய்தது. அவர் தண்ணீர்த் தொட்டி வைத்தார், நானும் வைத்தேன். அவர் வாசலில் சட்டி போட்டுக் கோப்பி வறுத்து வாசனையைத் துறைவரை அனுப்பினார். நானும் சட்டியை வெளியே எடுத்தேன். அவருடைய ரொட்டியைப் பார்த்த பிறகுதான் மூக்காயியின் ரொட்டியில் தேங்காய்ப்பூ கூடியது. என் ரொட்டி நன்றாக வந்தால் போதும் என்று இருந்தவன்தான். எந்த மாதத்தில் என்று தெரியவில்லை, அவர் ரொட்டி கருகினால் தேவலை என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். தட்டியில் துளை விழுந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். தானாக விழுந்த துளை என்றுதான் மூக்காயியிடம் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையில் ஊர் அதிகாரி ஆராச்சி வந்தார். முதல்நாள் நானா கடையில் நின்ற ராஜலிங்கத்தின் வண்டி கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மூட்டை குறைந்திருக்கிறது. தோட்டத்துக் கோப்பி காணாமல் போனால் துரைமார் ரோட்டோரக் கடைக்காரனைத்தான் முதலில் நினைப்பார்கள். அகப்பட்டால் மறியல் வீட்டில் கம்பி எண்ண வேண்டும், கடைக்குப் பூட்டு. நானாவின் உள்ளறையில் இடித்துப் புடைத்த கோப்பி ஒரு குவியல் கிடந்தது. தோல் போன பிறகு எந்தக் கொட்டை எந்த மரத்தில் காய்த்தது என்று அது வாய் திறந்து சொல்லாது.

நானாவை ரோட்டின் நடுவே நிறுத்தியிருந்தார்கள். தலையில் தொப்பி இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது. கதவுக்குப் பின்னால் அவர் மனைவி றலியாவின் முக்காடு அசைந்தது. வேடிக்கை பார்க்கத் துறையிலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள்.

"கணபதி" என்று ஆராச்சி என் பக்கம் திரும்பினார். "நேத்து வண்டி நின்ன நேரம் இங்க மூட்டை எறக்கினதா? நீ பார்த்ததா?"

தெரியாது என்று சொன்னால் போதும். அதில் பெரிய பொய்கூட இல்லை. அடுப்படியில் வேகிறவனுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சேதி எப்படித் தெரியும்? நானாவும் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு கணத்தில் என் மனக்கண்ணில் என் வாங்குகள் எல்லாம் நிரம்பின. ராஜலிங்கம் மூன்றாவது ரொட்டி கேட்டான். மூக்காயிக்கு உதவிக்கு ஒரு பெண்ணை வைக்க வேண்டும் என்றுகூடத் தீர்மானித்துவிட்டேன்.

"தெரி..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. இரக்கம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அந்தக் கடையைப் பற்றி இன்னொருவர் தப்பாகச் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. அது நான் இராப்பகலாகப் படித்த பாடம்.

"மூட்டையா? எறங்கலைங்க. வண்டி நின்னதும் கயிறு அவுக்கவே இல்ல. ராஜலிங்கம் கையக் கழுவிட்டு ரொட்டி கேட்டான். நானா சம்பலக் கொஞ்சம் அள்ளி வெச்சாரு, எப்பவும் அப்பிடித்தான், அதான் கூட்டம். வெள்ள மாடு தொட்டிய ஒதச்சிச்சி. நானா வெளிய வந்து தடவிக் குடுத்தாரு. அப்பறம் வண்டி துறைக்கு எறங்கிருச்சி. உள்ள கெடக்குற கோப்பி ஹாரிஸ்பத்துவ ஊருப் பொம்பளைங்க வீட்டு மரத்துல பறிச்சுக் கூடையில கொண்டாந்து வித்தது. அவுங்கள நான் வழியில மறிச்சு வெத்தில குடுத்து என் கடைக்குக் கூப்பிட்டேன். வெத்திலயப் போட்டுக்கிட்டு அங்கதான் போனாளுங்க."

ஆராச்சி ரோட்டின் அகலத்தை ஒரு தரம் கண்ணால் அளந்தார்.

"நீ இந்தப் பக்கம்" என்றார் ஆராச்சி. "இவ்வளவும் எப்படிப் பார்த்தது?"

காட்டினேன். வேறு வழி? ஆராச்சி குனிந்து துளையில் கண்ணை வைத்தார். "ஆ... நல்லா தெரியுது!" என்றார். துறை ஆட்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒவ்வொருவனாக வந்து குனிந்து பார்த்தான். "அண்ணே, ஒரு வாங்கப் போட்டு வைங்க, ஒக்காந்து பாக்கலாம்" என்றான் ஒருவன். அன்றுவரை என் கடைக்குள் அத்தனை பேர் வந்ததில்லை. ஒருவனும் ஒரு வாய் கோப்பி குடிக்கவில்லை. ஆராச்சி அந்தப் பெண்களைத் தேடிப் போய் விசாரித்தார். பிறகு மூட்டை எங்கேயாவது சரிவில் உருண்டிருக்கும் என்று அக்குறணை ரோட்டில் ஆட்களை அனுப்பினார்.

மத்தியானம் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. துடைத்த வாங்கையே துடைத்தேன். எதிரே வண்டிகள் வழக்கம்போல நின்றன. நான் செய்தது நல்லதா, என் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டேனா என்று ஒவ்வொரு வண்டியும் என்னைக் கேட்டுவிட்டுப் போனது.

வெயில் சாய்ந்தபோது நானா ரோட்டைக் கடந்து வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓர வாங்கில் உட்கார்ந்தார். "ஒரு கோப்பி தாங்க" என்றார்.

பீங்கான் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். ஊதினார், ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார்.

"கணபதி, நீங்க கொட்டய கருக வறுக்கிறீங்க. இவ்வளவு நாளா ஒத்தரும் செல்லல்லியா ஒங்களுக்கு?"

காதுமடல் சுட்டது. "ஒங்க கடையப் பாத்துத்தான் நானா வறுக்குறேன்" என்றேன். "பொகை வர்ற வரைக்கும் வுடுறீங்கல்ல?"

"பொக வாறது எங்கட சட்டி ஓட்ட. கொட்ட நெருப்புல உழுந்து எரியுது."

மூக்காயி அடுப்புக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நானா சிரிக்கவில்லை. என்னைத் திட்டுகிறாரா, தொழில் சொல்லிக் கொடுக்கிறாரா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. கசப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

ஊற்றினேன். கண் கோப்பையில் இல்லை, அவர் முகத்திலேயே இருந்தது. கோப்பி விளிம்பைத் தாண்டி அவர் விரல்களில் வழிந்தது, கொதிக்கக் கொதிக்க. அவர் கோப்பையை விடவில்லை, நானும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.