வசந்தாமணி மட்டம் பார்த்தாள்

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில், சேலத்தில் ஆறு நாள் பயிற்சி முடித்துவிட்டு வசந்தாமணி மல்லசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தோளில் ஒரு பிளாஸ்டிக் குழாய்ச் சுருள். ஐம்பதடி நீளம், உள்ளே ஊற்றுகிற தண்ணீர் வெளியே தெரியும்.

மாதர் சங்கத் தலைவிகளுக்கான பயிற்சி அது. மண்ணையும் நீரையும் எப்படிக் காப்பது, ஊரைக் கூட்டி எப்படி வேலை வாங்குவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் எழுந்து பேர் சொல்லவே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசி நாளில் நாற்பது பெண்கள் முன்னால் நின்று, "எங்கூரு ஏரிக்கு நாலு வருஷமாத் தண்ணி வர்லீங்க. ஏன்னு நான் கண்டுபுடிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலையில் சங்கத்துப் பெண்கள் பதினோரு பேரும் ஓடைக்கரையில் கூடினார்கள். வேடிக்கை பார்க்க ஆம்பளைகளும் வந்தார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் நாச்சிமுத்து சிரித்தார்.

"மழையே இல்ல. குழாய வெச்சுக்கிட்டு என்ன அம்மிணி பண்ணப் போறீங்க?"

"போன ஐப்பசில ஓடை நெறையப் போச்சுங்க. ஏரிக்கு மட்டும் வர்ல. ஓடையில இருந்து ஏரிக்கு வர்ற வாய்க்கால்ல எங்கியோ மேடு தட்டுதுங்க."

ஆளுயரக் கோல் இரண்டில் குழாயின் இரு முனைகளையும் கட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். ஓடையை ஒட்டிய மேல்பக்கக் கோலைச் சங்கத்துப் பூவாத்தாள் பிடித்தாள், கீழ்பக்கக் கோலை வசந்தாமணி. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். எந்தக் கோலில் அது தரைக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ, அங்கே தரை மேடு. இதைப் புரியவைக்க அவளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

முள்ளை வெட்டி விலக்கிக்கொண்டே ஐம்பதடி ஐம்பதடியாக நகர்ந்தார்கள். தரை ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது தடவை, பூவாத்தாள் கோலில் இடுப்பளவு நின்ற தண்ணீர் வசந்தாமணி கோலில் முழங்காலளவுதான் நின்றது.

"இங்கதான் மேடு!" என்று பூவாத்தாள் கத்தினாள். கத்தியவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வசந்தாமணி நின்றது அவர்களுடைய சொந்த மரவள்ளிக் காடு. நாலு வருஷத்துக்கு முன்னால், வறண்டு கிடந்த வாய்க்காலைத் தூர்த்து அவள் புருஷன் சின்னண்ணன் காட்டோடு சேர்த்துக்கொண்டான். அன்றைக்கு மண் கூடை சுமந்ததில் அவளும் ஒருத்தி. செத்த பள்ளம் என்று நினைத்தாளே தவிர, ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி அதுதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கணம் கோலைத் தள்ளி ஊன்றிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"தப்பு எங்க மேலதானுங்க" என்றாள் உரக்க. "இதத் தூர்த்தது நாங்கதான். இப்பவே வெட்டி உடறோம்."

சின்னண்ணன் பாய்ந்து வந்தான். "ஏம்புள்ள, பித்துப் புடிச்சுருச்சா? கெழங்கு எறங்கற சமயம்!"

"ஏனுங்க, நம்ம நாலு வரிச கெழங்குக்கு ஊருக் கெணறெல்லாம் காஞ்சு கெடக்குது. நம்ம கெணத்துலயுந்தான் என்ன இருக்குது?"

அவள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மண்வெட்டியை வாங்கி முதல் செடியை அடியோடு பெயர்த்தாள். இரண்டாவது, மூன்றாவது. பெண்களும் இறங்கினார்கள். சின்னண்ணன் கிட்டே வந்து, "அப்புடிக் கொத்துனா இடுப்புப் புடிச்சுக்கும், இங்க கொண்டா" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். அடுத்த காட்டுக்காரரான நாச்சிமுத்து, தன் பக்கம் வாய்க்காலுக்குள் நீட்டியிருந்த வரப்பை ஒருமுறை பார்த்தார். யாரும் கேட்காமலே ஆளைக் கூப்பிட்டு அதை வெட்டச் சொன்னார். எட்டே நாளில் வாய்க்கால் ஏரி வரைக்கும் திறந்துவிட்டது.

ஐப்பசி மூன்றாம் நாள் மழை கொட்டியது. விடிந்ததும் செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் வந்தது. சருகையும் முள்ளையும் தள்ளிக்கொண்டு, மரவள்ளிக் காட்டில் ஒரு கணமும் நிற்காமல் ஓடியது. "வருது, வருது!" என்று ஊரே கரையோடு ஓடியது. வசந்தாமணியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். வாய்க்கால் விழுகிற இடத்தில் வெடித்துக் கிடந்த ஏரி மண் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த நாச்சிமுத்து, தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அம்மிணி, இதே மாதிரி தூந்து கெடக்கற கெழக்கு வாய்க்கால எப்ப பாக்கலாம்?"

"மழ உட்டதும் வாரனுங்க. ஆளுகளக் கூட்டியாங்க."