வாசலில் நிற்க ஒரு கொழுந்துக்காரி

இதனால் சகலருக்கும் அறியத்தருவதாவது: கொட்டாஞ்சேனையில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பனியின் இரண்டாம் மாடியில், சனிக்கிழமை காலை, மனிதகுலம் தன் வேற்றுமைகள் அனைத்தையும் கடந்துவிடவிருந்தது. மத்தியானச் சாப்பாடும் உண்டு.

கடக்க வைக்கும் பொறுப்பு ஆளணி முகாமையாளர் முத்துலிங்கத்தாருடையது. இருப்பது வெள்ளவத்தை, ஊர் யாழ்ப்பாணம். பல பண்பாட்டாரோடு பழகி வேலை செய்யும் திறன் பற்றி அவர் நடத்தும் இந்தப் பயிற்சியில் தேறினால்தான் நிஷாந்திக்கு மேற்பார்வையாளர் பதவி. வேலையை அவள் எப்போதோ செய்யத் தொடங்கிவிட்டாள். கதிரையைத்தான் இன்னும் கொடுக்கவில்லை.

அடுத்த கிழமை வெளிநாட்டுக்காரர் வருகிறார்களாம். ஒவ்வொரு சமூகத்தவரும் தம் பண்பாட்டுக் கோலத்தில் வாசலில் நின்று வரவேற்க ஒப்புக்கொள்வதுதான் இன்றைய பரீட்சை. பக்கத்து மேசை ஷிராஸுக்குத் துருக்கித் தொப்பி என்று தீர்ப்பானது. அவன் வீட்டில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. தலையை ஆட்டிவைத்தான்.

முத்துலிங்கத்தார் நிஷாந்தியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் தேயிலைத் தோட்டப் பக்கம்தானே. ஒரு கொழுந்துக் கூடையோட நிண்டா வடிவா இருக்கும்."

தான் பிறந்தது இதே கொட்டாஞ்சேனை, அப்பாவுக்கு வயரிங் வேலை, தேயிலையைப் பைக்கற்றில்தான் தெரியும் என்று அவள் சொன்னாள். அவர் கருணையோடு சிரித்தார். வேரை மறக்கக் கூடாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் வேறு.

கூடை சுமந்தவர்களை நினைத்து அவளுக்கு எந்த வெட்கமும் இல்லை. அவர்கள் முதுகை வாசல் தோரணமாக்கப் பார்க்கும் இந்த மனிதரை நினைத்துத்தான் ஆத்திரம் வந்தது.

"சரி சேர். அப்ப நீங்களும் ஒங்க வேரோட வாங்க. காலுல தளநாரு, இடுப்புல கள்ளு முட்டி. ஏறுறதுக்குப் பனை மரத்த நான் அட்டையில வெட்டித் தாறேன்."

ஷிராஸ் இருமத் தொடங்கினான். முத்துலிங்கத்தாரின் முகம் கறுத்தது. கையிலிருந்த மைக்கை அணைக்கவும் மறந்துபோனார்.

"எங்கட ஆக்கள் அந்தத் தொழில் செய்யிறேல்லை. அது வேற ஆக்கள்."

அவருக்குப் பின்னால் திரையில், பல நிறக் கைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தன.

"நானும் அதத்தானே சேர் அப்பருந்து சொல்றேன்," என்றாள் நிஷாந்தி.

மாலையில் எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது, பிறருடைய பண்பாட்டை மதிக்கத் தெரியாத ஒருத்தியைத் தவிர.

பதவி ஷிராஸுக்குப் போனது.