மழுக்கிய உளிகள்

தச்சு ஆசானான கதாம் உஸ்தா உளியை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்துத் தள்ளினார். கூரிய உளியென்றால் நகத்தைக் கவ்வி நின்றிருக்கும். இது வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்ததை எடுத்தார். அதுவும் வழுக்கியது.

தச்சர் மத்யாகூபை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பி அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கீவா நகரில், அவர் வீட்டின் சிறிய முற்றத்தில், பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றுத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்தனர். இறந்தவரின் உடைகள் உடலைக் குளிப்பாட்டியவர்களுக்குப் போய்விட்டன. கருவிகள் இன்னொரு தச்சருக்குப் போவதே முறை என்று, அவருடைய தம்பி ரஜாப் பெட்டியைத் தூக்கிவந்து உஸ்தாவின் முன்னால் வைத்திருந்தான். மத்யாகூபின் மனைவி பிகாஜான் அறைக்குள், பெண்களுக்கு நடுவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ரஜாப், ஒங்கண்ணன் இதால வெண்ணெய் வெட்டுனாரா?"

யாரோ சிரித்து, அதை உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"கடைசி வருஷம் ஒடம்புக்கு முடியல, உஸ்தா. தீட்டியிருக்க மாட்டாரு."

"அப்போ ரம்பம் மட்டும் எப்பிடிப் பளபளன்னு இருக்கு? இந்த ஒம்பது உளியும்தான் மொண்ணை. பள்ளிவாசல் தூண்ல பூ வெட்டுன கை, இப்பிடியா வச்சிருக்கும்?"

மேல்மண்ணின் ஈரம் காய்வதற்குள் ஒரு தச்சனின் உளியை மொண்ணை என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டால், அவன் செதுக்கிய அத்தனை தூண்களும் அந்தச் சொல்லுக்குக் கீழே போய்விடும். அதை மறுக்க ஒரே வழிதான் இருந்தது. பதினோரு ஆண்டுகளாக அந்த வழியை அடைத்து வைத்திருந்தவள் பிகாஜானே. மாதுளையும் கொடியும் புடைத்தெழுந்த செப்புச் சுவர்த்தட்டுகள் அந்தத் தெருவின் வீடுகளில் தொங்கின. எல்லாம் மத்யாகூபின் கைவேலை என்றே பெயர். "ஒம் பேரைச் சொல்லிறட்டுமா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "பொம்பளை வேலைன்னா நூறு நொட்டை சொல்லுவாங்க, சும்மா இருங்க" என்று அவள் தடுத்துவிடுவாள்.

பிகாஜான் எழுந்து, நிலைப்படியைத் தாண்டி, ஆண்களுக்கு நடுவே வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க உள்ள இருங்க" என்றான் ரஜாப்.

"இரு தம்பி." பெட்டியைக் கைகாட்டினாள். "உஸ்தா, அது தீட்டாம விட்ட உளி இல்ல. வேணும்னே மழுக்குனது. கூரா இருந்தா செம்பைக் கிழிச்சிரும். எனக்காக ஒவ்வொண்ணா கல்லுல தேய்ச்சுக் குடுத்தாரு. மரத்துக்கு வச்சிருந்ததெல்லாம் அடித்தட்டுல, எண்ணெய்த் துணியில சுத்திக் கெடக்கு."

"ஒனக்காகவா?"

"ஒங்க மருமவ வீட்டுச் செவுத்துல கவுதாரித் தட்டு தொங்குதே. அதுல ஒரு காலு குட்டையா இருக்கும். அன்னிக்குக் கை தப்பிருச்சு. என் கைதான்."

உஸ்தா பெட்டிக்குள் கைவிட்டார். உளியைத் தட்டும் மரக் கொட்டாப்புளியை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். கைப்பிடியில் தேய்ந்திருந்த பள்ளங்கள் அவருடைய தடித்த விரல்களுக்கு ஒத்துவரவில்லை. மிகவும் நெருங்கிக் கிடந்தன. அதைக் கீழே வைத்தார். அடித்தட்டைத் திறந்து, துணியைப் பிரித்து, ஓர் உளியை நகத்தில் வைத்தார். மெல்லிய சுருளொன்று எழுந்தது.

அந்தத் துணிமூட்டையை மட்டும் மடியில் எடுத்துக்கொண்டு, பெட்டியைப் பிகாஜானின் பக்கமாக நகர்த்தினார்.

"அந்தக் குட்டைக் காலுதான் அழகுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறா எம் மருமவ" என்றார். "கை தப்புனதுன்னு அவகிட்டச் சொல்லித் தொலைச்சிராத தாயீ."

சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. நான்காம் நாள் காலையில் புகை எழுந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் குல்ஜான் ஒரு கிண்ணம் அரிசியோடு வந்தாள்.

"மொத அடுப்பு. என்னக்கா வச்சிருக்கீங்க?"

குனிந்து பார்த்தாள். அடுப்பின்மேல் பானை இல்லை. மத்யாகூப் கடைசியாக வட்டமாக அறுத்து வைத்திருந்த செப்புத் தகடு, உளிக்கு இளகுவதற்காக, விளிம்பிலிருந்து மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.

குல்ஜான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் குந்தி, கனலை ஊதத் தொடங்கினாள்.