முட்டிக்குப் பின்னியது

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாமளாபுரத்தில் இருக்கும் ஓர் எலாஸ்டிக் கம்பெனியின் வெப்சைட்டுக்கு 'எங்களைப் பற்றி' என்று அரைப் பக்கம் எழுதித் தரப் போனவன் நான். அதுதான் என் பிழைப்பு. திருப்பூரில் பனியன் கம்பெனியோ அட்டைப்பெட்டிக் கம்பெனியோ, யார் வெப்சைட் தொடங்கினாலும் அதில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதியவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.

முதலாளி ஞானசம்பந்தம் பத்து நிமிடம் பேசினார். அப்பா காலத்தில் கைத்தறி, தன் காலத்தில் விசைத்தறி, பன்னிரண்டு வருடமாக ஜட்டிக்கும் லெக்கிங்ஸுக்கும் எலாஸ்டிக். அதற்குமேல் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

"மிச்சத்தை நம்ம அனுசுயாகிட்டக் கேட்டுக்குங்க சாமி. பிசினஸ் டெவலப்மெண்ட் எல்லாம் அந்தப் புள்ளைதானுங்க பாக்குது."

அனுசுயா வந்து உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் பேசினாள். எழுந்தபோது என் நோட்டில் பதினான்கு பக்கம் நிரம்பியிருந்தது. அரைப் பக்கத்தை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சமிருந்த பதிமூன்றரைப் பக்கம்தான் இது.

2

எப்படித் தொடங்குவது?

'அனுசுயா பிறந்த வருடம் விளாத்திகுளத்தில் மழை பொய்த்து—'

வேண்டாம். வறட்சியில் தொடங்கினால் அவளுக்காகப் பரிதாபப்பட நீங்கள் தயாராகிவிடுவீர்கள். அது அவளுக்குப் பிடிக்காது.

'உலகச் சந்தையில் மீள்தன்மை கொண்ட நாடாக்களின் தேவை ஆண்டுதோறும்—'

இது என் பிழைப்புப் புத்தி. மன்னியுங்கள்.

'"முடியும்" என்றாள் அனுசுயா.'

இதுதான் சரியான தொடக்கம். ஆனால் யாரிடம் சொன்னாள், எதை முடியும் என்றாள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகவே அந்த வரியை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

3

பத்தொன்பது வயதில் அதே கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அம்மா கருத்தம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். பேக்கிங்கில் பாதிப் பேர் பீகார்ப் பெண்கள். எலாஸ்டிக்கைச் சுருட்டிக்கொண்டே அவர்களிடம் இந்தி கற்றாள். முதலில் எண்கள், பிறகு திட்டுகள், அதற்குப் பிறகு மற்றதெல்லாம்.

ஒருநாள் மேனேஜர் லீவு. ஆபீஸில் போன் அடித்தது. எடுத்த ஞானசம்பந்தம் ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஹாலைப் பார்த்துக் கத்தினார்: "இந்தி ஆருக்குத் தெரியும்?"

அனுசுயா ஓடிப்போய் வாங்கினாள். அந்தப் பக்கம் இந்தூரில் ஒரு கடைக்காரர், விலை மட்டும் கேட்டுவிட்டு வைக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. எதற்கு எலாஸ்டிக், இப்போது எங்கே வாங்குகிறீர்கள், அதில் என்ன குறை என்று கேட்டுக்கொண்டே போனாள். பதினைந்தாவது நிமிடம் அவர் ஆர்டர் சொன்னார். அடுத்த மாதம் அவளுக்கு ஆபீஸில் ஒரு நாற்காலி வந்தது. அடுத்த வருடம் விசிட்டிங் கார்டு.

கருத்தம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன வேலைட்டி இது?"

"ஆர்டர் கொண்டாரதும்மா."

"அவன் தரலேன்னா?"

"தர்ற வரைக்கும் போறது."

(முப்பது போன் போட்டால் இருபத்தெட்டு பேர் பாதியிலேயே வைத்துவிடுவார்களாம். "சலிப்பா இருக்காதா?" என்று கேட்டேன். "மிச்சம் ரெண்டு பேரு யாருன்னு முதல்லயே தெரியாதுல்ல சார்? அதுதான் சார் ருசியே" என்றாள். அவள் கண்கள் அப்போது எப்படி இருந்தன என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். உவமை சரியாக வரவில்லை.)

போன வருடம் ஆடியில் இடி விழுந்தது. கம்பெனியின் சரக்கில் பாதியை எடுத்துக்கொண்டிருந்த உள்ளாடைக் கம்பெனி, சொந்தமாக எலாஸ்டிக் லூம் போட்டுக்கொண்டது. இருபத்திரண்டு லூமில் பதினொன்று நின்றது. பொங்கல் வரை பார்ப்பது, அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் நிற்கிற லூம்களை விற்றுவிடுவது என்று ஞானசம்பந்தம் முடிவு செய்தார். லூம் போனால் லூம் ஓட்டுகிறவர்களும் போகவேண்டியதுதான்.

அனுசுயா எலாஸ்டிக்கைத் தேட ஆரம்பித்தாள். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில், கண்ணில் படுகிற எதிலெல்லாம் எலாஸ்டிக் இருக்கிறது என்று பார்த்து எழுதினாள். மெத்தை உறை. ஹெல்மெட். கழுத்துப் பட்டை. பள்ளி மைதானத்தில் ஒரு பையன் கால்காப்புக் கட்டுவதைப் பார்த்தாள். விளையாட்டுச் சாமான்கள் எங்கே செய்கிறார்கள் என்று விசாரித்தாள். மீரட் என்றார்கள். நாற்பத்தொரு கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரே ஒருவர்தான், "வேண்டுமானால் வாருங்கள்" என்றார். பை நிறைய சாம்பிளோடு டெல்லி ரயில் ஏறிவிட்டாள்.

4

மீரட்காரர் பெயர் தியாகி. அது அங்கே சாதிப் பெயராம். அறுபது வயது. மேசை நிறைய கிளவுஸ், கால்காப்பு, முட்டிப் பட்டை. அவள் சாம்பிள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கினார்.

எலாஸ்டிக் இங்கேயே கிடைக்கிறது என்றார். அதை வாங்கி, வெட்டி, தைத்து எனக்கு அலுத்துவிட்டது என்றார். தையல் இருக்கிற இடத்தில் தோல் உரிகிறது என்று விளையாடுகிற பிள்ளைகள் புகார் சொல்கிறார்களாம். குழாய் மாதிரி, தையலே இல்லாமல், அப்படியே பின்னிய முட்டிக்காப்பு செய்து தர முடியுமா?

இப்போது நிறுத்திவைத்த வரியை எடுத்துக்கொள்கிறேன்.

"முடியும்" என்றாள் அனுசுயா.

அவள் கம்பெனி பின்னுவது நாடா. குழாயாக எதையும் அவர்கள் பின்னியதில்லை. அதற்கான மெஷினை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. சாம்பிளுக்கு எத்தனை நாள் என்று அவர் கேட்டார். இருபத்தொன்று என்றாள்.

(இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். "பொய் சொல்லிட்டீங்களே" என்றேன். "சொல்றப்ப பொய்தான் சார். ஆனா, முடியாதுன்னு சொல்லிட்டா சாயங்காலம் ரயில் ஏறணும். முடியும்னு சொன்னா இருபத்தோரு நாள் வேலை இருக்கு" என்றாள். என் கதாநாயகி பொய் சொல்கிறவள் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. நடந்தது அதுதான்.)

5

"ஏனம்மிணி, எலாஸ்டிக் விக்கப் போனவ முட்டியை வித்துப்போட்டு வந்திருக்கறயே!"

ஞானசம்பந்தம் கத்தியது லூம் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"ஆரு அந்த ஆளு?"

"தியாகிங்க சார்."

"எந்தப் போராட்டத்துல?"

பேக்கிங்கில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார்.

"இருபத்தொண்ணுல எத்தனை நாள் போச்சு?"

"மூணுங்க சார்."

"அப்பறம் இங்க நின்னுட்டு என்ன பண்ற?"

அதற்குப் பிறகு நடந்ததை நிதானமாக எழுத முயன்றேன். முடியவில்லை. அவள் சொன்ன வேகத்திலேயே சொல்கிறேன். கம்பெனி ஃபிட்டர் அந்தோணிராஜ் சாத்தான்குளத்துக்காரர், எந்த மெஷினையும் காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்லிவிடுகிறவர். குழாயாகப் பின்னுவது எது? சாக்ஸ்! சாக்ஸ் மெஷின் யாரிடம் இருக்கிறது? மங்கலத்தில் லிங்கசாமி என்பவரிடம் நான்கு மெஷின் இருந்தது. அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். ரப்பர் நூல் போட்டார்கள், அறுந்தது. நூலின் இழுவையைக் குறைத்தார்கள், தொளதொளவென்று வந்தது. கூட்டினார்கள், ஊசி உடைந்தது. அனுசுயா தினமும் காலையில் ஆபீஸுக்குப் போய் முப்பது போனை முடித்துவிட்டு மத்தியானம் மங்கலம் பஸ் ஏறினாள். பதினேழாவது நாள், ஒரு இழைகூட அறுபடாமல், வழுவழுவென்று ஒரு சாம்பல் நிறக் குழாய் மெஷினிலிருந்து இறங்கி வந்தது.

லிங்கசாமி கை தட்டினார். அந்தோணிராஜ் பேண்டைச் சுருட்டிவிட்டு அதைக் காலில் மாட்டினார். பாதம் தாண்டியது. கணுக்கால் தாண்டியது. ஆடுசதையில் நின்றுவிட்டது.

இழுத்தார். நகரவில்லை.

"எம்மா, மேல ஏறமாட்டேங்கு."

"சாக்ஸ் மெஷினுங்க" என்றார் லிங்கசாமி மெதுவாக. "பாதத்துக்குத்தானுங்களே பின்னும்? இதுக்கு மேல சுத்தளவு வராதுங்க."

மூன்று பேரும் அதை முதலிலேயே யோசித்திருக்கவேண்டும். நூலிலேயே கண்ணாக இருந்ததில் ஒருவரும் யோசிக்கவில்லை. பெரிய ஊசிச் சிலிண்டர் வைத்த மெஷினை நான்கு நாளில் எங்கே போய்த் தேடுவது? அந்தோணிராஜ் குழாயை உருவிக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அனுசுயா அதை வாங்கினாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு, முன்கை, அதற்கும் மேலே. முழங்கையில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. கையை மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள். சுருங்கவில்லை, நழுவவில்லை, குத்தவில்லை.

"அண்ணாச்சி" என்றாள். "இங்க பாருங்க."

(இதை நான் நம்பவில்லை. கதை எழுதுகிறவன் செய்கிற வேலை மாதிரி இருந்தது. மங்கலம் போய் லிங்கசாமியிடமே கேட்டேன். "நெசந்தானுங்க. கையில மாட்டுனதைக் கழட்டாமயே பஸ் ஏறிப் போயிருச்சுங்க அந்தப் புள்ளை. ரப்பர் நூல் மிச்சம் இன்னும் எங்க ஊட்லதான் கெடக்குது" என்றார். அதனால் மாற்றாமல் விட்டுவிட்டேன்.)

6

தியாகிக்குப் போன் போடவேண்டும். ஆனால் முழங்கைக்கு இந்தியில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. பேக்கிங்குக்கு ஓடிப்போய் பீகார்ப் பெண் சுனிதாவிடம் தன் முழங்கையைத் தட்டிக் காட்டிக் கேட்டாள். "கேஹுனி" என்றாள் சுனிதா.

அனுசுயா போனில் இருந்ததை இருந்தபடி சொன்னாள். முட்டிக்கு எங்களிடம் இருக்கிற மெஷின் போதவில்லை. பெரிய மெஷின் தேடுகிறோம், தேதி இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் அதே பின்னல் கேஹுனிக்குத் தயாராக இருக்கிறது. இன்றைக்கே கூரியரில் அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு மாட்டி விளையாடவிட்டுப் பாருங்கள்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது.

"கேஹுனியா? உனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தது எந்த ஊர்க்காரி?"

"பீகார், சார்."

"இங்கே அதைக் கோஹ்னி என்பார்கள். சரி, அனுப்பு உன் கேஹுனியை."

பதினோரு நாள். அவள் போன் செய்யவில்லை. "செஞ்சா நான் அவசரப்படுறேன்னு தெரிஞ்சிரும் சார்" என்றாள். பன்னிரண்டாம் நாள் காலை பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பேட்மிண்டன் மைதானத்தில் ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்று கையை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே மூன்று சைஸ், நான்கு நிறம், எத்தனை எத்தனை என்று ஆர்டர். கடைசி வரி: முட்டிக்கு மெஷின் தேடுவதை நிறுத்தாதே.

'அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக—'

இல்லை. அவள் அழவில்லை. பஸ்ஸுக்குள் "யேய்!" என்று கத்தியிருக்கிறாள். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம்.

பொங்கலுக்கு முன் லிங்கசாமியின் நான்கு மெஷின்களும் முழங்கைக்கு ஓடின. தை கடைசியில் பெரிய சிலிண்டர் மெஷின் ஒன்று பழையதாகக் கிடைத்தது. அந்தோணிராஜ் அதன்மேல் காதை வைத்தார். சித்திரையில் முட்டிக்காப்பு மீரட் போனது. அதன் மேல்பட்டைக்கும் கட்டு நாடாவுக்கும் சாமளாபுரத்து எலாஸ்டிக்கே வேண்டியிருந்ததால், நின்ற பதினொரு லூமில் ஒன்பது திரும்ப ஓடுகிறது. யாரும் வேலையை விட்டுப் போகவில்லை.

7

நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் சென்ற வாரம் இரண்டு நாள் இடைவெளியில் அவளுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன.

தியாகி கேட்டார்: தென்னிந்தியா முழுவதற்கும் என் கம்பெனிக்கு நீ பொறுப்பெடுத்துக்கொள்கிறாயா? மாதம் பிறந்தால் நல்ல சம்பளம், கோயமுத்தூரில் ஆபீஸ்.

ஞானசம்பந்தம் கேட்டார்: "அவிநாசிபாளையத்துல நம்ம ஷெட்டு சும்மாதானே கெடக்குது அம்மிணி. முட்டிக்காப்புக்குன்னே தனிக் கம்பெனி போடலாம். கால் பங்கு உன்ற பேர்ல. ஆனா, மொத வருசம் சம்பளம்னு ஒண்ணும் எதிர்பாக்காதே. ஓடுனா ரெண்டு பேருக்கும் ஓடும்."

கருத்தம்மாவுக்குச் சம்பளம்தான் பிடித்திருக்கிறது. "பங்கை வச்சு அரிசி வாங்க முடியுமாட்டி?" என்கிறாள். அந்தோணிராஜ் ஷெட்டுக்குப் போய் மூன்று பேஸ் கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அவள் கோயமுத்தூர் ஆபீஸின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறக்கிறாள். இன்னொன்றில் அவிநாசிபாளையத்து ஷெட்டின் ஷட்டரைத் தூக்குகிறாள். இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தது. ஷட்டர் கொஞ்சம் கூடுதலாக. அந்தக் கிறீச் சத்தத்தை நன்றாக எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுப் பிரதியையும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஆபீஸில் உட்கார்ந்து, வருகிற போன்களுக்கு நடுவே படித்தாள். பஸ் இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் என் பேனாவை வாங்கி இரண்டு முடிவுகளின் மேலும் குறுக்காகக் கோடு போட்டாள்.

"பிடிக்கலியா?"

"ரெண்டுமே நல்லாத்தான் சார் இருக்கு. அதனாலதான் அடிச்சேன்" என்றாள். "திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். ராத்திரிபகலா மனசு அங்கயும் இங்கயும் ஓடுது. எனக்கு அது புடிச்சிருக்கு சார். இத்தனை வருசம் நான் மத்தவங்க சரின்னு சொல்லுறதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். இப்ப ரெண்டு பேரு நான் சொல்றதுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க எழுதி வச்சுட்டா, அதைப் பாத்து நடந்த மாதிரி ஆயிரும்."

போன் அடித்தது. எடுத்துப் பேசப் போய்விட்டாள்.

இன்று சனிக்கிழமை. பத்திரிகைக்கு இதை அனுப்பியாகவேண்டும். அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை எப்போதோ முடிந்திருக்கும். அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இதை எழுதுகிற இந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும்.

கீழே நான்கு விரல் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எது தோன்றுகிறதோ எழுதிக்கொள்ளுங்கள். தப்பித் தவறி இது உங்களிடம் திங்கட்கிழமைக்கு முன்னால் வந்துவிட்டால், அவளிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.