ஊரே ஏறிய ரயில்

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதனால் பிறந்த ஊர் அது. தண்ணீர் பிடிக்க வந்தவன், தண்டவாளம் போட வந்தவன், அவர்களுக்குச் சோறு போட வந்தவள் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். தண்ணீர் கேட்காத இன்ஜின் வந்த பிறகும் ஊர் மட்டும் நகரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரும் அப்படித்தான். முணுமுணுத்துக்கொண்டே மாற்றலாகி வந்தவர், பிளாட்பாரத்து டீக்கடைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர்க்காரராகிவிட்டார்.

ஏறி இறங்க ஆளில்லாத ஸ்டேஷனை மூடிவிடலாமா என்று பார்க்க மேலதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மூடினால் கடையும் போச்சு, குடியிருக்கும் வீடும் போச்சு. மாஸ்டர் மனைவியிடம் ஓடினார்.

"ஆள்தானே வேணும்? நான் ஏத்திக் காட்டறேன்" என்றாள் மனைவி.

சொன்னபடி செய்தாள். அதிகாரி வந்திறங்கிய காலை ரயிலில் ஊரே முட்டிமோதி ஏறியது. முடிவெட்டுகிறவர், தையல்காரர், பிள்ளைகுட்டிகள், மாஸ்டரின் நடக்கவே முடியாத மாமனார் வரை ஆளுக்கொரு மூட்டை. கடையைப் பூட்டிவிட்டு அவளும் ஏறிவிட்டாள். அதிகாரி அசந்துபோனார். மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கூட்டம் சரிதான். ஊரை ஒரு சுத்து பாத்துட்டு வரலாம்" என்றார் அதிகாரி.

இது யாருக்குமே தோன்றியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கியது. ஒரு நாய் மட்டும் வந்து அதிகாரியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

"எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டாங்களா?"

"சாயங்காலம் வந்துடுவாங்க சார்."

"மூட்டைமுடிச்சோட போனவங்களா? எனக்கே காது குத்தறீங்களே."

ஸ்டேஷனை மூடச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு, பெஞ்சில் சாய்ந்து சாயங்கால ரயிலுக்குக் காத்திருந்தார். ஒரு வாய் டீக்குக்கூட வழியில்லை. மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று மாஸ்டர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

ரயில் வந்தது. கதவுக்குக் கதவு ஊர் இறங்கியது. ஏறப்போன அதிகாரியைத் தையல்காரரின் மூட்டை பின்னால் தள்ளியது. அடுத்த கதவுக்கு ஓடினார். அங்கே மாமனாரை நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரயில் கிளம்பிவிட்டது. அதிகாரி கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். கார்டும் மரியாதையாகக் கையாட்டினார்.

விஷயம் தெரிந்ததும் மனைவிக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடையைத் திறந்தாள். அதிகாரிக்குச் சூடாக ஒரு டீ கொடுத்தாள்.

"தாராளமா மூடுங்க சார். ஆனா நாளைக்கு ரயில் நிக்காதே. நீங்க எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

அதிகாரி டீயைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"நிக்கும்ல?"

"நீங்க சொன்னா நிக்கும் சார்."

"நிக்கட்டும்" என்றார் அதிகாரி. "என்னிக்குமே நிக்கட்டும்."