கிழிக்காத கவர்

குளச்சலில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் வாட்ச்மேன். கடலுக்குப் போய் முட்டி தேய்ந்த பிறகு கிடைத்த வேலை. படிப்பு இரண்டாம் வகுப்பு. கம்பெனியின் காகிதமெல்லாம் ஏசி அறையில் உள்ள ஒரு பெட்டிக்குள் கிடக்கிறதாம். சர்வர் என்கிறார்கள். பூட்டு கிடையாது, சாவி கிடையாது. ஒரு வார்த்தையைத் தட்டினால் திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட பெட்டியை எவன் நம்புவான்?

பெட்டிக்குப் பொறுப்பு லிஜி. கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி. தான் இல்லாத நாளுக்கு உதவட்டும் என்று அந்த வார்த்தையை எழுதி, கவரில் போட்டு ஒட்டி என்னிடம் தருவாள். மானேஜரே கேட்டாலும் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்த்தையை மாற்றிப் புதுக் கவர் தருவாள். பழையதைக் கிழிக்கச் சொல்வாள். தலையாட்டுவேன்.

2011 பிப்ரவரியில் லிஜி தன் அக்காளின் பிரசவத்துக்கு மஸ்கட் கிளம்பினாள். வேன்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, புதுக் கவரை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை கரண்ட் போய் வந்தது. பெட்டி வார்த்தை கேட்டு நின்றுவிட்டது. லிஜி போனை எடுக்கவில்லை. வாசலில் இறால் லாரி. பெட்டியிலிருந்து சீட்டு வராமல் தூத்துக்குடித் துறைமுகத்தில் உள்ளே விடமாட்டார்கள். மதியத்துக்குள் கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும்.

மானேஜர் ஆன்ட்ரூஸ் கவரைக் கேட்டார். கையெழுத்துக் கேட்டேன். என் தகப்பனை ஏதோ சொல்லிக்கொண்டே போட்டார். வார்த்தையைத் தட்டினார், திறக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக மறுபடி தட்டினார். அதற்கும் இல்லை. மூன்றாவதும் தப்பினால் பெட்டி பூட்டிக்கொள்ளும், அப்புறம் லிஜியே வந்தால்தான் உண்டு என்று பெட்டி விற்றவன் போனில் சொன்னான்.

ஆன்ட்ரூஸ் என் பக்கம் திரும்பினார். “ஓய், கவரை மாத்தி வச்சீரா? லாரி போகல்லன்னா நாளைக்கு நீரு வேலைக்கு வராண்டாம்.”

நான் என் அறைக்குப் போய், அந்தோணியார் படத்துக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவந்தேன்.

“இது என்னவே?”

“பழைய கவரு.”

“கிழிக்கச் சொல்லல்லியா அவ?”

“சொன்னா. புது நங்கூரம் மண்ணுல பிடிச்சுதான்னு இழுத்துப் பாக்காம, பழச எவனாவது தூக்குவானா சாரே?”

ஆன்ட்ரூஸின் அப்பனும் கடலுக்குப் போனவர்தான். மனுஷன் கவரை வாங்கிப் பிரித்தார். சிலுவை போட்டுக்கொண்டு பழைய வார்த்தையைத் தட்டினார். திறந்தது. பன்னிரண்டு மணிக்கு லாரி போனது. எனக்கு ஒரு நன்றிகூட இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

லிஜி திரும்பி வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. புது வார்த்தையைக் கவரில் எழுதியிருக்கிறாள்; பெட்டியில் மாற்றுவதற்குள் வேன் வந்துவிட்டது. அப்படியிருந்தும் என்னிடம்தான் சண்டைக்கு வந்தாள். பழைய கவர் கள்ளன் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

“கையெழுத்து போடாம கள்ளனுக்கு எப்பிடி மக்கா குடுப்பேன்?” என்றேன்.

இப்போதெல்லாம் வார்த்தை மாற்றும்போது நான் பக்கத்தில் நிற்பேன். திறந்த பெட்டியை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு திரையில் புது வார்த்தையால் அவள் திறந்து காட்ட வேண்டும். காட்டினால்தான் கவரை வாங்குவேன். பிறகு பழைய கவரை அவள் கண் முன்னால் கிழிப்பேன்.

அது கரண்ட் பில் வந்த கவர். பழையது அந்தோணியாரிடம் இருக்கிறது.